ஜெர்மனியில் எடுத்த கார்

ரொறன்ரோவில் காசைக் கட்டிவிட்டு, காரை ஜெர்மனிக்கே போய் எடுக்கலாம். விடுமுறைக்கு அங்கே ஓடித் திரிந்தபின் கப்பலில் ஏற்றிவிட்டால் இங்கே வந்து சேரும் என்று விற்பனையாளர் சொன்னார். என் கணவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். பிறம்ரன் கொம்பனி ஒன்றுக்குக் காலமெல்லாம் ட்ரக் ஓடியவர். தனக்கென்று ஒரு புதுக் கார் வாங்கியதில்லை.

"விசர் வேலை. இஞ்ச எடுத்தால் என்ன?" என்றேன்.

"அந்த நாட்டுக்குள்ளாலதான் வந்தனான். ஒண்டும் பார்க்கேல்லை," என்றார்.

அகதியாக வந்தபோது ஜன்னல் இல்லாத வான் ஒன்றில் அடைத்து அவரை ஜெர்மனி வழியாகக் கொண்டுபோனார்களாம். இவ்வளவு காலம் கூட வாழ்ந்தும் அன்றுதான் எனக்கு அது தெரியவந்தது.

போனோம். மியூனிக்கில் சாவியை வாங்கியதும் அவர் காரை ஒருதரம் சுற்றி வந்து பார்த்தார். பெருந்தெருவில் எல்லாரும் எங்களை முந்திக்கொண்டு பறந்தார்கள்.

"ட்ரக் ஓடின ஆள் மாதிரியே இல்லை," என்று சிரித்தேன்.

"அது கொம்பனியின்ர. இது என்ர."

மலைகளும் ஏரிகளும் பார்த்தோம். ஆனால் அவர் அதிக நேரம் நின்றது ஒரு பெற்றோல் நிலையத்தின் வேலியோரம். பெருந்தெருவையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"அந்த வானுக்குள்ள உந்தச் சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டே இருந்தது. வெளியில மழையெண்டு நினைச்சனான்," என்றார். பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு, "கோப்பி குடிப்பமே?" என்றார்.

கப்பலுக்குக் கொடுக்குமுன் காருக்குள் ஒன்றும் இருக்கக்கூடாது என்றார்கள். நான் விரிப்புகளை உதறினேன். ஸ்டியரிங்கையும் கண்ணாடியையும் ஈரத்துணியால் துடைத்தேன்.

"இது என்ன, உம்மட குசினியே?" என்று கேட்டுச் சிரித்தார்.

வீடு திரும்பியபின் கப்பல் எங்கே நிற்கிறது என்று தினமும் போனில் பார்ப்பார். ஒருநாள் காலை, தேத்தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்த என்னிடம் "நெஞ்சுக்க என்னவோ செய்யுது," என்றார். அம்புலன்ஸ் வந்தது. ஆஸ்பத்திரியில் அவர் கண் திறக்கவில்லை. கார் அப்போது கடலில் இருந்தது.

அவருடைய முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி முடிந்த கிழமை விற்பனையாளரிடமிருந்து அழைப்பு வந்தது. கார் வந்துவிட்டது, ஐயாவிடம் சொல்லுங்கள் என்றார். ஐயா இல்லை என்று சொல்லிவிட்டுப் போனை வைத்தேன்.

"அம்மா, ப்ளீஸ், பார்க்கவே வேண்டாம். வித்திடுவம்," என்று மகள் அழுதாள்.

"ஒருக்கா ஏறி இருக்கிறன், பிள்ளை."

விற்பனையாளரிடம் போய்க் காரில் ஏறி இருந்தேன். உள்ளே அவர் இருந்ததற்கு ஒரு அடையாளமும் இல்லை. ஒரு தலைமயிர், ஒரு கடதாசித் துண்டுகூட இல்லை. எல்லாவற்றையும் என் கையாலேயே துடைத்துவிட்டிருந்தேன். ஸ்டியரிங்கில் முகத்தை வைத்துக்கொண்டு அழுதேன்.

விற்பனையாளர் காரின் திரையைத் தட்டியதும் அது, என் கணவர் ஜெர்மனியில் இணைத்திருந்த போனைத் தேடத் தொடங்கியது. அவருடைய பெயர் திரையில் வந்தது.

"அழிச்சுவிடவா, அன்ரி?" என்று மெதுவாகக் கேட்டார்.

"வேண்டாம், தம்பி. தேடட்டும்."

காரை விற்கவில்லை. மல்வேர்னில் இருக்கும் எங்கள் வீட்டிலிருந்து வேலைக்கு அதில்தான் போகிறேன். மழை நாட்களில் மட்டும் பஸ்; காருக்குள் அவர் சொன்ன அந்தச் சத்தம் கேட்கும்.