காருக்கு முதுகு காட்டி நின்றவள்

மட்டக்களப்புப் பக்கத்துப் பழுகாமத்தில் புஸ்பத்தின் வாய்க்குத் தப்பியவர்கள் இல்லை. கோயில் கூட்டத்தில் எழும்பி நின்று, கோயிலை நடத்துகிற வண்ணக்கரின் முகத்துக்கு நேரே கேள்வி கேட்டவள். வயல் வெட்டுகிற மெஷின்காரன் அவளுடைய வயலுக்கு வருகிற நாளில் திருநீறு பூசிக்கொண்டுதான் வருவான். ஐம்பதை நெருங்குகிற வயது, மெலிந்த உடம்பு. ஆனால் குரலை எடுத்தாளென்றால் வாவியில் வலை வீசுகிறவன் தோணியைத் திருப்பிவிடுவான். நல்ல மனுசி என்று அவளை யாரும் சொன்னது கிடையாது. இந்தக் கதையும் சொல்லப்போவதில்லை.

தாயும் தகப்பனும் அடுத்தடுத்துப் போய்ச் சேர, சின்னவனாய் இருந்த தம்பி சிவதர்ஷனை வளர்த்து ஆளாக்கியவள் அவள்தான். கலியாணம் கட்டவில்லை. பெண் கேட்டு வந்தவர்கள் கொஞ்ச நேரம் கதைத்துவிட்டுக் கும்பிடு போட்டுக்கொண்டு போய்விட்டார்களாம். அவளுக்கென்று இருந்தது ஊர் வயல்வெளியான வட்டையில் ஒரு துண்டு வயல். பழுகாமத்திலிருந்து வெல்லாவெளிப் பக்கம் போகிற, சரளைக்கல் போட்ட கிறவல் வீதி, அந்த வயலின் மூலைக்கு வந்ததும் முழங்கையை மடக்கினாற்போல் திடீரென்று வளையும். வளைவின் உள்பக்கம் அவளுடைய வேளாண்மை, விளைகிற நெல். வெளிப்பக்கம் வாய்க்கால் கரை.

அந்த வீதியில்தான் ரலி என்கிற கார் ஓட்டப்போட்டி வந்தது. மட்டக்களப்பு டவுணில் கார்ப் பைத்தியம் பிடித்த கொஞ்சப் பேர் சேர்ந்து ஒரு கழகம் தொடங்கினார்கள். பொங்கல் முடிந்து மழை விட்டதும் ஒரு ஞாயிற்றுக்கிழமை வீதியை மறிப்பார்கள். பழைய ஜப்பான் கார்களின் உள்ளே இருக்கிற சீட்டு, மெத்தை எல்லாவற்றையும் கழற்றி எறிந்துவிட்டு, ஒவ்வொன்றாக விட்டு ஓடுவார்கள். ஆர் கெதியாய் ஓடி முடிக்கிறானோ அவனுக்குக் கோப்பை. புழுதி குடிக்கிறதுக்கு ஒரு கோப்பை! வாவிக்கு மேற்கே இருக்கிற படுவான்கரைச் சனமும் திருவிழா மாதிரித் திரண்டு வந்து பார்த்தது.

முதல் வருசமே நடக்கக்கூடாதது நடந்தது. வேகமாய் வந்த கார் வளைவில் திரும்பும்போது அதன் பின்பக்கம் வெளியே வீசும். வெளியே என்றால் வாய்க்கால் கரை. அங்கேதான் சனம் நின்றது. சிவதர்ஷனும் நின்றான். கரையை உரசிய கார் அவனுடைய வலது காலை முழங்காலுக்குக் கீழே நசுக்கிவிட்டுப் போனது. ஆசுபத்திரியில் அந்தக் காலை எடுத்துவிட்டார்கள்.

உள்பக்கம் நின்றிருந்தால் ஒன்றும் நடந்திருக்காது. ஆனால் உள்பக்கம் வேளாண்மை, கதிர் முற்றி மஞ்சள் பிடிக்கிற தை மாதத்து வேளாண்மை. அந்த ஊர்களில் பிறந்தவன் அதற்குள் கால் வைக்கமாட்டான். மாடு இறங்கினால் கல் எடுப்பான், மனிதன் இறங்கினால் பொல்லு எடுப்பான். கார் வந்து இடித்தாலும் பரவாயில்லை, அடுத்தவன் கதிரை மிதிக்கமாட்டார்கள். அப்படி ஒரு சனம்.

மயக்கம் தெளிந்ததும் சிவதர்ஷன் சொன்ன முதல் கதை இதுதான்: "வயலுக்க நிண்டிருக்கலாம் அக்கா. ஒங்கட வேளாண்மை எண்டுதான் அங்கால போன நான்."

குற்றமாய் அவன் சொல்லவில்லை, சும்மா சொன்னான். ஊரையே ஏசுகிற புஸ்பம் எழும்பி அவனுடைய போர்வையைச் சரிசெய்தாள். அந்தக் கதையை அவள் ஒருவரிடமும் சொல்லவில்லை.

அடுத்த வருசம் வீதியை மறிக்க வந்தவர்களுக்கு முன்னால் மண்வெட்டியோடு நின்றாள். கழகத்தின் செயலாளர் டிலக்சன், டவுணில் வாகன உதிரிப்பாகக் கடை வைத்திருப்பவன். ஊர்ப் பெரியவர்கள் எல்லாரும் ஓமென்றுவிட்டார்கள், இவள் ஒருத்திதான் இல்லையென்கிறாள். பார்த்தான். அவளுடைய கையில் ஒரு சிவப்புக் கொடியைத் திணித்தான். "அக்கா, இந்த வளைவுக்கு நீங்கதான் பொறுப்பு. நீங்க கொடிய ஒசத்தினா கார் வராது." கொடியைக் கொடுத்தால் வாய் அடங்கும் என்று நினைத்தான் அந்தப் பாவி.

அவள் வீதியோரத்தில் காருக்கு முதுகைக் காட்டி, சனத்துக்கு முகத்தைக் காட்டி நின்றாள்.

"எல்லாரும் கரைய விட்டு எறங்கி என்ட வயலுக்க போங்க!"

ஒருவரும் அசையவில்லை. பக்கத்து வயல்காரர் கோணாமலை தலையைச் சொறிந்தார். "என்ன புள்ள கதைக்காய்? கதிரு தள்ளி நிக்கிது."

"என்ட வேளாண்மை. நான்தான் சொல்றன். மிதிங்க!" என்று அவரின் கையைப் பிடித்து இழுத்து உள்ளே விட்டாள். கோணாமலை சாரத்தைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, நெருப்பில் நடக்கிறவரைப் போல ஒவ்வொரு கால் வைத்தார். பிறகு மற்றவர்களும் இறங்கினார்கள். மனசில்லாமல்தான். அவளுடைய ஏச்சுக்குப் பயந்து இறங்கினார்கள். அன்றிலிருந்து ஒவ்வொரு தையிலும் அந்த மூலை சாய்ந்தது. வெட்டுகிற மெஷின் அந்த மூலைக்குப் போவதே இல்லை. அந்த வளைவில் அதற்குப் பிறகு ஒருவருக்கும் ஒரு கீறல் விழவில்லை.

ரலி என்றால் அவளுக்கு அடியோடு வெறுப்பு. ஓட்டுகிறவர்களை மாடு என்பாள், பார்க்க வருகிறவர்களை மாட்டைப் பார்க்க வந்த மாடு என்பாள். கொடி மட்டும் அவளுக்கு வேண்டும். அந்த வளைவை வேறு ஒருவன் கையில் விட்டுவிட்டு வீட்டில் படுத்துக்கிடக்க அவளால் முடியாது.

இந்த வருசம் அந்தக் கொடிக்குத்தான் ஆப்பு வந்தது.

கழகம் பெரிதாகிவிட்டது அல்லவா, சட்டதிட்டமும் வந்துவிட்டது. விளையாட்டுக்குப் பங்களித்தவர்கள்தான் இனி உறுப்பினர், உறுப்பினருக்குத்தான் பொறுப்பு. பங்களிப்பு என்றால் என்ன? கார் ஓட்டுவது, பக்கத்தில் இருந்து வழி சொல்வது, கார் திருத்துவது, டயர் வாங்கிக் கொடுப்பது. மற்றவர்கள் உதவியாளர்கள், அவர்களுக்கு ஒரு தொப்பியும் சோற்றுப் பார்சலும். டிலக்சன் தன் கடை மேல்மாடியில் கூட்டம் வைத்து இதை வாசித்தபோது புஸ்பம் எழும்பினாள்.

"அப்ப நான் ஆரு?"

"நீங்க உதவியாளர் அக்கா."

"தொப்பிய உன்ட தலையில போடு. வளைவுக்கு ஆரு?"

"என்ட மச்சான் நிப்பான். அவன் வழி சொல்லி ஓடினவன்."

ஏறாவூர் ஜிப்ரி, கார் திருத்துகிறவன், மெல்ல வாயைத் திறந்தான். "அந்த அக்கா நிண்ட எடத்துல ஒரு கரச்சலும் வரல்லதானே?"

"கரச்சலே அவதான்!" என்றான் டிலக்சனின் தம்பி சதீசன். கழகத்தின் முதல்தர ஓட்டக்காரன் அவன். "போன வருசம் ஹெல்மெட்டக் கழட்டக்குள்ள என்னைய எருமை எண்டு ஏசினவ."

கூட்டம் சிரித்தது. சிரிப்பில் டிலக்சனுக்குத் துணிவு வந்துவிட்டது. "அக்கா, ஒண்டு கேக்கன். இத்தின வருசம் நிண்டீங்களே, சதீசன்ட கார் என்ன நிறம்?"

புஸ்பத்துக்குத் தெரியாது. வளைவில் ஓடி வந்த ஒரு காரைக்கூட அவள் திரும்பிப் பார்த்ததில்லை. காரைப் பார்க்கத் திரும்பினால் சனம் ஒரு அடி முன்னால் வந்துவிடும்.

"பாத்தீங்களா! காரிட நிறம் தெரியாது. விளையாட்டில ஒரு துளி விருப்பம் இல்ல. அப்ப நீங்க இந்த விளையாட்டுக்கு என்ன செஞ்ச?"

வயலை மிதிக்கக் கொடுத்த கதையை அப்போது அவள் சொல்லியிருக்கலாம். சொன்னால் ஏன் கொடுத்தாய் என்று கேட்பார்கள். அதற்குத் தம்பி ஆசுபத்திரியில் சொன்ன கதையைச் சொல்ல வேண்டும். இந்தச் சிரிப்புக்கு நடுவிலா? கொடியைச் சுருட்டி டிலக்சனின் மேசையில் அடித்து வைத்தாள்.

"ஒங்கட கார் எல்லாம் நாசமாப் போக!" என்றுவிட்டுப் படியிறங்கினாள்.

வீட்டிலும் நிம்மதி இல்லை. சிவதர்ஷன் ஊன்றுகோலைச் சுவரில் சாத்திவிட்டு போனில் ரலி வீடியோ பார்த்துக்கொண்டிருந்தான். காலைத் தின்ற விளையாட்டின் மேல் அவனுக்கு இன்னும் ஆசை. அதைக் காண்கிற ஒவ்வொரு தடவையும் அவள் முகத்தைத் திருப்பிக்கொள்வாள்.

"நீங்க கண்டவனையும் ஏசிக்கிட்டுத் திரிஞ்சா ஆரு அக்கா வெச்சிருப்பாங்க?" என்றான். "சதீசன்ட கார் நீலம். சின்னப்புள்ளைக்கும் தெரியும்."

"அந்த நீலத்தக் கரைச்சுக் குடி," என்று போனைப் பறித்துக் கட்டிலில் எறிந்தாள். அன்று இரண்டு பேரும் சாப்பிடவில்லை.

ரலி நாள் வந்தது. சிவதர்ஷனைக் கூட்டாளிமார் ஓட்டம் தொடங்குகிற இடத்துக்கு ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள். புஸ்பம் ஒரு பிளாஸ்ரிக் கதிரையைத் தூக்கிக்கொண்டு போய் வயல் காவல் குடிலுக்கு முன்னால் போட்டு, கையைக் கட்டிக்கொண்டு அதில் குந்தியிருந்தாள். சனம் வாய்க்கால் கரை முழுக்க நின்றது. டிலக்சனின் மச்சான் புதுத் தொப்பியும் விசிலுமாய் ஓடித் திரிந்தான்.

"ஐயா, வயலுக்க எறங்குங்க. அங்கதான் பாதுகாப்பு."

"ஆர்ர வேளாண்மை தம்பி இது?" என்றார் கோணாமலை.

"ஆர்ரயா இருந்தா என்ன? எறங்குங்க!"

"ஆர்ரயா இருந்தா என்னயோ?" கோணாமலை அவனை மேலும் கீழும் பார்த்தார். எல்லாரும் புஸ்பத்தைப் பார்த்தார்கள். புஸ்பம் வானத்தைப் பார்த்தாள். ஒருவரும் இறங்கவில்லை. விசில் ஊதி ஊதி மச்சானின் கன்னம் வீங்கியதுதான் மிச்சம்.

கொழும்பிலிருந்து வந்திருந்த பாதுகாப்பு அதிகாரி, ஓட்டத்துக்கு முன்னால் வீதியைப் பார்த்துக்கொண்டு வந்தார். கரையில் சனத்தைக் கண்டதும் ஜீப்பை நிறுத்தினார். இந்தக் கரை வெறுமையாகாமல் ஒரு கார் கிளம்பாது, இல்லையென்றால் இந்த வருசம் ஓட்டமே இல்லை என்று சொல்லிவிட்டுக் கதவை அடித்துச் சாத்தினார்.

டிலக்சன் மோட்டார் சைக்கிளில் பறந்து வந்தான். சனத்தைப் பார்த்துக் கும்பிட்டான், கத்தினான், கடைசியில், "நட்டத்த நான் தாறன், மிதிங்க!" என்றான்.

கோணாமலைக்குக் கோபம் வந்துவிட்டது. "உன்ட காசுக்கு மிதிக்கிற சாமானா இது? வருசா வருசம் அவ வாயால சொல்லித்தான் நாங்க எறங்கின. அவட வேளாண்மை, அவதான் சொல்லணும்."

டிலக்சன் அந்த மூலையைத் திரும்பிப் பார்த்தான். கொடி கொடுத்த அன்று அவன் பயிரைக் கவனிக்கவில்லை, மற்ற வருசங்களில் ஓட்டம் முடிந்த பிறகுதான் இந்தப் பக்கம் வருவான். சாய்ந்து கிடக்கிற மூலையைக் கண்டு, மழைக்கு விழுந்த பயிர் என்று நினைத்திருந்தான். இன்றைக்குத்தான் அது நிமிர்ந்து நிற்பதைக் கண்டான். கதிர்கள் பாரம் தாங்காமல் தலை குனிந்திருந்தன.

புஸ்பம் இருந்த கதிரைக்கு முன்னால் போய் நின்றான். "அக்கா, சொல்லி எறக்கி விடுங்க."

"நான் உதவியாளர். உதவி செய்ய மனசில்ல."

"உறுப்பினராப் போடுறன் அக்கா. இப்பவே."

"உன்ட உறுப்பினர வாய்க்கால்ல போடு. கொடியத் தா."

மச்சானின் கையிலிருந்து வாங்கிக் கொடுத்தான். அவள் எழும்பவில்லை.

"நீயும் வந்து எனக்குப் பக்கத்தில நில்லு. காருக்கு முதுகு. கடைசிக் கார் போறமட்டும் திரும்பப்படாது."

"அக்கா, சதீசன்ட ஓட்டம்... இந்த வருசம் அவன்தான் வெல்லுவான். நான் பாக்காம..."

"அப்ப போ." அவள் திரும்பவும் வானத்தைப் பார்த்தாள்.

டிலக்சன் பல்லைக் கடித்தான். அந்த நேரத்தில் அவளைக் கொன்றிருந்தாலும் அவனுக்குப் பாவமாய்ப் பட்டிருக்காது. ஆனாலும் வந்து நின்றான்.

புஸ்பம் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு வீதிக்கு வந்தாள். "என்ன பாத்துக்கிட்டு நிக்கிறீங்க? எறங்குங்க! என்ட வேளாண்மை, மிதிங்க!" சனம் இறங்கியது. நெல் தாள்கள் முறிகிற சத்தம் கேட்டது. அவள் கீழே பார்க்கவில்லை.

கார்கள் வரத் தொடங்கின. ஒவ்வொன்றும் வளைவில் திரும்பும்போது கிறவல் கல் சிதறி டிலக்சனின் முதுகில் அடித்தது. அவன் கண்ணுக்கு முன்னால் இருந்தது வெறும் முகங்கள்தான். கார் வருகிறதா, வந்துவிட்டதா, போய்விட்டதா என்று அந்த முகங்களைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது.

பிறகு அவனுக்குப் பழக்கமான ஒரு சத்தம் வந்தது. சதீசனின் கார். உறுமிக்கொண்டு வந்து, வளைவில் இழுபட்டு, படீரென்று எதிலோ அடித்தது. முன்னால் நின்ற அத்தனை வாயும் திறந்தது. ஒரு பெண் இரண்டு கையாலும் தலையைப் பிடித்துக்கொண்டாள். டிலக்சனின் கழுத்து தானாய்த் திரும்பியது.

"திரும்பாத!" புஸ்பம் அவனுடைய காதுக்குள் கத்தினாள். "சனம் வெளிக்கிடுது, மறி!"

பார்க்கிற ஆவலில் வயலுக்குள் நின்றவர்கள் வீதிக்குப் பாய்ந்தார்கள். இன்னொரு கார் பின்னால் வருகிறது. டிலக்சன் இரண்டு கையையும் விரித்துக்கொண்டு அவர்கள் மேல் விழுந்தான், தள்ளினான், ஏசினான், புஸ்பத்தின் வாயில் வருகிற ஏச்செல்லாம் அவன் வாயிலும் வந்தது. கண்ணால் தண்ணீர் ஓடியது.

"தம்பிக்கு என்ன அக்கா? என்ன நடந்த?"

"எனக்கென்ன தெரியும்? நான் என்ன, பாத்த நானா?"

கொஞ்சம் கழித்துத்தான் கோணாமலையின் முகம் இளகியது. மூச்சை விட்டார். சதீசனின் காருடைய சத்தம் வெல்லாவெளிப் பக்கம் போய்க்கொண்டிருந்தது. வாய்க்கால் கரையில், சனம் முதலில் நின்றிருந்த இடத்தில், எல்லைக்கு நட்டிருந்த கட்டை அந்தக் கார் அடித்து அடியோடு முறிந்து கிடந்ததைப் பிறகுதான் சொன்னார்கள். டிலக்சன் விரித்த கையை இறக்கவில்லை.

அடுத்த கார் வந்து, கல்லை வாரி இறைத்துவிட்டுப் போனது. இரண்டு பேரும் திரும்பவில்லை.

"இப்ப போன கார் என்ன நிறம்?" என்று கேட்டாள் புஸ்பம்.

டிலக்சன் சட்டையில் படிந்த புழுதியைத் தட்டினான்.

"சொல்லு மனே."

"தெரியா அக்கா."

"நிறம் தெரியாது. அப்ப நீ இந்த விளையாட்டுக்கு என்ன செஞ்ச?"

தூரத்தில் இன்னொரு கார் கேட்டது. வயலுக்குள் நின்ற ஒருவன் போனைத் தூக்கிக்கொண்டு ஒரு அடி முன்னால் வந்தான்.

"பாத்துக்கிட்டு நிக்காத," என்றாள் புஸ்பம். "அவனப் பின்னால தள்ளு."

டிலக்சன் போய்த் தள்ளினான்.