மூன்று வாரச் சீட்டுகள்

மலாயாவின் சுதந்திரத்துக்கு முந்திய ஆண்டுகளில் நான் மலாக்கா டவுனில், ரேடியோப் பெட்டி இறக்குமதி செய்யும் ஒரு கம்பெனியில் கிராணியாக, அதாவது குமாஸ்தாவாக, இருந்தேன். வீடு காஜா பெராங்கில். சைக்கிளை மிதித்தால் பத்து நிமிடத்தில் ஆபீஸ்.

டவுனில் இருந்த ஒரே கடையை வைத்துக்கொண்டு வியாபாரம் பெருகாது என்று நாங்கள் துவான் என்று அழைத்த வெள்ளைக்காரத் துரைக்குத் தோன்றியது. சுற்றியுள்ள ஒவ்வொரு ஊரிலும் ஒரு கடைக்காரரைக் கூட்டாளியாகச் சேர்க்கும் வேலையை என்னிடம் ஒப்படைத்தார். ரேடியோவும் பெயர்ப்பலகையும் கம்பெனி கொடுக்கும். அந்த ஊரில் வேறு யாருக்கும் கொடுக்காது. கடைக்காரர் விற்க வேண்டும், வாராவாரம் ஒரு சீட்டு எழுதி அனுப்ப வேண்டும். எது விற்றது, எது பழுது, யார் என்ன கேட்டார்கள் என்று. அதை நான் அந்தக் கடைக்கான அட்டையில் ஏற்றி, மரப்பெட்டியின் இழுப்பறையில் வரிசையாக அடுக்குவேன். துவான் எந்த ஊரைக் கேட்டாலும் அரை நிமிடத்தில் பதில் சொல்வேன். இப்போது கம்ப்யூட்டர் செய்கிற வேலைதான். எனக்கு அந்தப் பெட்டியின் மேல் அப்படி ஒரு பெருமை.

விதிகளையும் நானே எழுதினேன். தொடர்ந்து மூன்று வாரம் சீட்டு வராத கடையை நீக்கிவிட வேண்டும் என்பது அவற்றில் ஒன்று.

ஜாசினில் நான் சேர்த்தவர் மளிகைக் கடை பாய் ஒருவர். "அரிசி பருப்பு விக்கிறவனுக்கு ரேடியோ எதுக்கு தம்பி?" என்று இரண்டு முறை திருப்பி அனுப்பினார். மூன்றாம் முறை போனபோது, உள்ளேயிருந்து அவர் மனைவி, "எடுத்துத்தான் பாருங்களேன்" என்றார். அதற்குப் பிறகே சம்மதித்தார். அவர்களுக்குப் பிள்ளைகள் இல்லை. பாய்க்குக் குர்ஆன் ஓதத் தெரியும். தமிழ் எழுத வராது. சீட்டு எழுதியது அந்த அம்மாள்தான். முத்து முத்தான எழுத்து. "தோட்டத்துக் கங்காணி மகள் கல்யாணத்துக்கு ஒரு பெட்டி கேட்கிறார், வெள்ளிக்கிழமைக்குள் அனுப்பவும்" என்று கடையில் நடப்பதெல்லாம் அதில் இருக்கும். மற்றச் சீட்டுகளை வேலையாகப் படிப்பேன். அவருடையதை ஆசையாகப் படிப்பேன்.

சுதந்திரம் நெருங்க நெருங்க, அறிவிப்பைத் தங்கள் வீட்டிலேயே கேட்க வேண்டும் என்று ஆளாளுக்கு ரேடியோ கேட்டார்கள். அந்த நேரம் பார்த்து ஜாசின் சீட்டு நின்றது. இரண்டாம் வாரமும் வரவில்லை. ஒரு நடை போய்ப் பார்க்கலாமா என்று நினைத்தேன். வேலை தலைக்கு மேல் கிடந்தது, போகவில்லை. மூன்றாம் வாரம் முடிந்ததும் நீக்கல் கடிதம் எழுதினேன். லாரி போய்ப் பெயர்ப்பலகையைக் கழற்றி அதே தெருவில் வேறொரு கடையில் மாட்டியது.

நான்கு நாள் கழித்து பாய் ஆபீசுக்கு வந்தார். முகத்தில் வாரக்கணக்கில் மழிக்காத நரைத்தாடி.

"என்ன பாய், ஒரு வார்த்தை சொல்லி அனுப்பியிருக்கக் கூடாதா?"

"வீட்ல மௌத்தாயிட்டா தம்பி. பன்னெண்டு நாள் ஆஸ்பத்திரியில கெடந்தா."

நாற்காலியை இழுத்துப் போட்டு அவரை உட்காரவைத்தேன். அவர் சட்டைப் பையிலிருந்து மூன்று சீட்டுகளை எடுத்து மேசைமேல் வைத்தார். "விட்டுப்போன வாரத்துக்கெல்லாம் எழுதிட்டேன். அவ நகலெடுத்து வீட்ல வச்சிருந்த பழைய சீட்டு ஒண்ணப் பாத்துப் பாத்து எழுதினேன்."

கோணல் கோணலான எழுத்துகள், படம் வரைந்தது போல. மூன்றிலும் ஒரே வாசகம். என்றோ கல்யாணம் முடிந்துவிட்ட கங்காணி மகளுக்கு, வெள்ளிக்கிழமைக்குள் ஒரு பெட்டி.

துவானிடம் ஓடினேன். அவர் பொறுமையாகக் கேட்டார். "புதிய ஆளுக்கு வாக்குக் கொடுத்தாகிவிட்டது. விதி நீ எழுதியதுதானே?" என்றார்.

திரும்பி வந்து சொன்னபோது பாய் தலையாட்டினார். "சரிதான் தம்பி. எல்லாருக்கும் ஒரே விதிதானே." எழுந்தவர் தயங்கி நின்றார். "அவ எழுதின மத்த சீட்டெல்லாம் ஒங்ககிட்டதான் இருக்கு. கம்பெனிக்கு இனிமே வேணாம்னா, எனக்குக் குடுப்பீங்களா?"

ஜாசின் அட்டைக்குப் பின்னால் இருந்த சீட்டுகள் அத்தனையையும் உருவி, நூலால் கட்டிக் கொடுத்தேன். அவர் அதைச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு பஸ்ஸுக்கு நடந்தார்.

நீக்கும் முன் ஒருவர் நேரில் போய்ப் பார்க்க வேண்டும் என்று மறுநாளே புதிய விதி எழுதினேன். துவான் மறுப்பின்றிக் கையெழுத்துப் போட்டார்.

சுதந்திர நாளில் தலைமுறைகளாக மலாக்காவில் வாழ்ந்து மலாய் பேசும் பக்கத்து வீட்டுச் சிட்டிக் குடும்பம் முழுவதும் எங்கள் வீட்டு ரேடியோவைச் சுற்றி உட்கார்ந்து, அதில் வந்த விடுதலை முழக்கத்தோடு சேர்ந்து "மெர்டேக்கா" என்று கத்தியது. நானும் கத்தினேன்.

அடுத்த மாதம்தான் ஜாசின் போக எனக்குத் தைரியம் வந்தது. கடை பூட்டியிருந்தது. பாய் கப்பலேறி ஊருக்குப் போய்விட்டதாகப் பக்கத்துக் கடைச் சீனர் மலாயில் சொன்னார். கூட யார் போனார்கள் என்று கேட்டேன்.

"தனியாகத்தான்" என்றார் அவர்.

அடுத்த பஸ்ஸுக்கு ஒரு மணி நேரம் இருந்தது. வெயில் ஏறிக்கொண்டிருந்தது. நான் அந்தக் கடை வாசலிலேயே நின்றிருந்தேன்.