பத்தொன்பது இன்ச்

என் அக்காவின் கணவரை எனக்கு ஆரம்பத்திலிருந்தே பிடிக்காது. பதினெட்டு வருடம் ஜெர்மனியில் இருந்துவிட்டு லண்டனுக்கு வந்தவர். வந்தவர் சும்மா இருக்கவில்லை. இங்கே ரோடு சரியில்லை, பாண் ரொட்டி சரியில்லை, பைப் தண்ணீர் சரியில்லை. எதற்கும் 'ஜெர்மனியிலை' என்றுதான் வாய் திறப்பார். மோர்டனில் ஒரு டயர் கடையில் வேலை செய்வதால், கார்ச் சில்லு, அதாவது சக்கர விஷயத்தில் அத்தான் சொன்னால் மறுபேச்சில்லை என்று எங்கள் வீட்டில் ஓர் எண்ணம். அந்த எண்ணம்தான் எனக்கு வயிற்றெரிச்சல்.

தங்கச்சியின் கல்யாணம் நிச்சயமான அன்றே, மாப்பிள்ளையைக் கூட்டிவரும் கார் என்னுடையதுதான் என்று சொல்லிவிட்டேன். அப்பா இல்லை. நான் ஒரே ஆண்பிள்ளை. எங்கள் வழக்கத்தில் பெண்ணின் சகோதரன்தான் மாப்பிள்ளைத் தோழன். மாப்பிள்ளையை அவர் வீட்டிலிருந்து அழைத்துவந்து, மண்டப வாசலில் கால் கழுவி, உள்ளே கொண்டுபோக வேண்டியவன். முகூர்த்தத்துக்கு முன் அவரை என் காரில் கொண்டுவந்து இறக்குவது ஒன்றுதான் அந்தக் கல்யாணத்தில் எனக்கென்று இருந்த காரியம். காரும் நல்ல கார், கறுப்பு. சில்லுதான் வெறும் பதினேழு இன்ச். மண்டபத்துக் கார் தரிப்பிடத்தில் நம்மவர்கள் முதலில் சில்லைத்தான் பார்ப்பார்கள். உள்ளே இருப்பது யார் என்று அதன் பிறகுதான் குனிவார்கள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை கோலியர்ஸ் வுட்டில் என் வீட்டில் விருந்து. மாப்பிள்ளையும் அவருடைய பெரியம்மாவும் வந்திருந்தார்கள். சில்லு மாற்றப்போகிறேன் என்று பேச்சோடு பேச்சாகச் சொல்லிவிட்டேன். அத்தான் சாப்பிட்ட கையைக் கழுவிய ஈரத்தோடு வெளியே போனார். காருக்குப் பக்கத்தில் குந்தி, டயருக்கும் மட்கார்டுக்கும் இடையில் விரலை விட்டுப் பார்த்தார். எல்லோரும் வாசலுக்கு வந்துவிட்டார்கள்.

"பதினெட்டுக்கு மேலை போடாதை. பத்தொன்பது அகலமாப் போட்டியெண்டா, பின்னுக்கு மூண்டு பேர் ஏறினவுடனை ரயர் மட்கார்டிலை உரசும்."

அதை என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொல்லியிருக்கலாம். சம்பந்தி வீட்டார் முன்னால் எனக்கு முகம் சுட்டது. அவருடைய கார் ஒரு பழைய கார், மூலையெல்லாம் இடிபட்டது. இது பொறாமை என்று அந்த இடத்திலேயே முடிவு கட்டினேன்.

அந்த வாரமே ஸ்ட்ரெதமில் வேறொரு கடைக்குப் போனேன். உண்மையில் எனக்குப் பிடித்திருந்ததும் பதினெட்டுதான். ஆனால் அவர் வாயால் வந்துவிட்டதே. பத்தொன்பது கேட்டேன், அதிலும் இருக்கிறதில் அகலமானது. கடைக்காரர் எதைக் கேட்டாலும் சூப்பராக இருக்கும் என்றார். வளைவில் பிடிப்பு அதிகம், கார் நிலத்தோடு ஒட்டி நிற்கும் என்றார். சில்லைப் பூட்டியதும் வெறுங்காரை இரண்டு சுற்று ஓட்டிப் பார்த்தேன், எங்கும் உரசவில்லை. சில்லு பெருத்த அளவுக்கு ரப்பர் மெலிந்து, விளிம்பு மட்கார்டோடு மட்டமாக வந்து நின்றது. கார் இழுப்பதில் கொஞ்சம் மந்தம், ஒவ்வொரு பள்ளமும் முதுகில் இடித்தது. அழகுக்கு முன்னால் அதெல்லாம் ஒரு பொருட்டா? அத்தான் பார்த்துவிட்டுத் தன் காரில் ஏறிப் போனார். வென்றுவிட்டேன் என்று நினைத்தேன்.

கல்யாணத்தன்று காலை மாப்பிள்ளை தலைப்பாகையோடு முன்சீட்டில் என் பக்கத்தில் இருந்தார். பின்சீட்டில் அவருடைய அக்கா, பெரியம்மா, மாமி. மூவரும் நல்ல தேகக்காரர். டிக்கியில் பலகாரத் தட்டங்களும் ஒரு பெட்டி தேங்காயும். நம்மவர் காரில் இடம் மிச்சம் விட்டு ஏறுகிற வழக்கம் கிடையாது. இது தெரிந்த நானே வெறுங்காரை ஓட்டிப் பார்த்துச் சில்லு வாங்கியிருந்தேன்.

முதல் வேகத்தடையிலேயே பின்னால் கர்ரென்று சத்தம். மாமி என்னவென்று கேட்டார். ரோடு சரியில்லை என்றேன். அடுத்ததில் ரப்பர் கருகும் மணம் வந்தது. நிறுத்திப் பார்த்திருக்கலாம். ஆனால் அத்தான் தன் காரில் தனியாகப் பின்னால் வந்துகொண்டிருந்தார். அவர் கண்முன்னே நிறுத்துவதைவிடச் செத்துப்போகலாம் என்றிருந்தது. ஓட்டினேன். கார் நிறுத்தவே கூடாத சிவப்புக் கோட்டு ரோட்டில் டயர் பக்கவாட்டில் கிழிந்து கார் சரிந்தது. மாற்றிப் பூட்ட மேலதிகச் சில்லும் இல்லை. முகூர்த்தத்துக்கு அரைமணி நேரம்கூட இல்லை.

அத்தான் இறங்கி வந்தார். திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டினால் நானும் திருப்பித் திட்டலாம். அவர் தன் கார்ச் சாவியை என் கையில் வைத்தார்.

"நீதானே தோழன். அவையளை ஏத்திக்கொண்டு போ. நான் இதோடை நிக்கிறன்."

அந்த இடிபட்ட காரில்தான் மாப்பிள்ளையைக் கொண்டுபோய் இறக்கினேன். கால் கழுவினேன், வழக்கப்படி மாப்பிள்ளை என் விரலில் மோதிரம் போட்டுவிட்டார். தாலியும் நேரத்துக்கு ஏறியது. பிறகு அறுகரிசி போட்டு வாழ்த்தத் தம்பதிகளைச் சோடி சோடியாக மேடைக்கு அழைத்தார்கள். எங்கள் பக்கத்தில் முதல் சோடி அக்காவும் அத்தானும். ஐயர் இரண்டு தரம் கூப்பிட்டார். முன்வரிசையில் இருந்த அக்கா எழும்பவில்லை, தலையை மட்டும் ஆட்டினாள். அடுத்த சோடி ஏறியது.

காரைக் கட்டியிழுத்து அனுப்பிவிட்டு அத்தான் பஸ்ஸில் வந்து சேர்ந்தபோது கடைசிப் பந்தி. பட்டு வேட்டியெல்லாம் கரி. தாலி நேரத்துக்கு ஏறியதா என்று மட்டும் கேட்டார். ஓம் என்றேன். அவருடைய சாவியைத் திருப்பிக் கொடுத்தேன். அன்றைக்குப் போல் அந்த மனிதர்மேல் எனக்கு என்றைக்கும் ஆத்திரம் வந்ததில்லை. 'சொன்னனான்தானே' என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் தாங்கியிருப்பேன். இன்றுவரை சொல்லவில்லை.

ஆல்பம் வந்த அன்று அக்கா சோடிகள் நிற்கும் பக்கத்தை நெடுநேரம் பார்த்தாள். பிறகு என்னிடம் மெதுவாகத்தான் சொன்னாள்.

"உன்ரை சில்லு வடிவாத்தான் இருக்கு. எங்கடை படம்தான் இல்லை."

கிழிந்த டயருக்குப் பதில் புதிது போட்டேன், சில்லை மாற்றவில்லை. மாற்றினால் அவர் சொன்னது சரி என்று ஆகிவிடும். பின்சீட்டில் ஆட்களை ஏற்றாத வரைக்கும் அது உரசுவதில்லை. அக்கா என் காரில் ஏறுவதை நிறுத்திவிட்டாள்.