கிணற்றுத் தண்ணீர் கொழும்புக்குப் போன கதை

“...அப்ப, கொழும்பிலை ஏசிக்குள்ளை இருந்து போத்திலைப் பாத்தவைக்கு எங்கடை கிணத்தைப் பற்றி என்ன தெரியும், சொல்லுங்கோ பாப்பம்?” என்று கேட்டார் மாமி.

கேள்வி, ஆய்வுகூட அறிக்கையோடு வந்து நின்ற பொலிஸ்காரத் தம்பியிடம். பக்கத்தில் மாமியின் தண்ணீர்ப் பம்பு இரைந்த இரைச்சலில், அவர் ஏதும் சொல்லியிருந்தாலும் கேட்டிராது.

இணுவிலில் எங்கள் தோட்டக் கிணறு பங்குக் கிணறு. மாமி, நான், பின்காணி அண்ணை, மூவரும் முறைவைத்து இறைப்போம். மாரி முடிந்த கையோடு ஒருநாள் காலை, கிணற்றில் விட்டிருந்த மீனெல்லாம் வயிற்றைக் காட்டிக்கொண்டு மிதந்தன. தண்ணீரில் ஒரு மணம். “மருந்து மணம்!” என்றார் மாமி. எங்கள் பக்கம் மருந்து என்றால் பயிருக்கு அடிப்பது. முதல்நாள் வெங்காயத்துக்கு மருந்தடித்தவர் அண்ணை. அன்றே முறைக்காக மாமியோடு வாய்த்தர்க்கப்பட்டவரும் அவரே. வழக்கு விசாரித்து, தீர்ப்பும் எழுதி, எல்லோரும் காலைத் தேநீருக்கு முன்பே வீடு போய்விட்டோம். நீதிமன்றங்கள் எங்களிடம் படிக்கலாம்.

“அக்கா, நானும் உந்தத் தண்ணியைத்தானே குடிக்கிறன்!” என்றார் அண்ணை.

“நேற்றிலையிருந்து நீ சோடா குடிக்கிறாய் எண்டு கேள்வி!”

பொலிசுக்குப் போனவர் அண்ணைதான். “தண்ணியை எடுத்துச் சோதியுங்கோ, நான் மருந்து ஊத்தினது எண்டால் மறியலிலை கம்பி எண்ணுறன்” என்றாராம்.

அதற்கிடையில் நாங்கள் சும்மா இருக்கவில்லை. கிணற்றில் கோழி விழுந்தாலும் பூனை விழுந்தாலும் அடி தெரிய இறைத்து, சேறு அள்ளி, புது ஊற்று ஊறவிட்ட பிறகுதான் எங்களுக்கு மறுவேலை. அப்படியே செய்தோம். பொலிஸ் வந்து அந்தப் புதுத் தண்ணீரைப் போத்தலில் நிரப்பி, அரக்கு வைத்து, முத்திரையும் குத்தியது. அவ்வளவு சுத்தமான தடயத்தைக் கொழும்பு அரசாங்க ஆய்வுகூடம் அதுவரை கண்டிருக்குமோ தெரியாது.

நல்லகாலம், மாமி முதல் தண்ணீரில் ஒரு சோடாப் போத்தல் நிறைய எடுத்து வைத்திருந்தார். வழக்குக்காக இல்லை, வருகிறவர்களுக்கு மணக்கக் கொடுக்க. சுன்னாகத்திலிருந்தும் ஆள் வந்து மணந்தது. கனடாவில் இருக்கும் மகள் வீடியோவில் பார்த்துவிட்டு, “ஓம் அம்மா, மணக்குது” என்றாளாம். அந்தப் போத்தலையும் மாமியே பொலிசிடம் நீட்டினார். “இந்தாங்கோ, உவன் செய்ததுக்குச் சாட்சி!”

கொலை, கஞ்சா, நஞ்சு என்று நாட்டிலுள்ளதெல்லாம் அந்த ஆய்வுகூடத்தில் வரிசையில் நிற்கும். கலந்து கிடப்பதைப் பிரித்து, இது இன்னது, இது இல்லை என்று எழுத அங்குள்ளவர்களுக்கு நாள் வேண்டும். ஊர் மூக்குக்கு அந்தச் சிரமமெல்லாம் கிடையாது. அறிக்கை வரும்வரை அண்ணையின் இறைப்பு முறையை நிறுத்திவைத்தது பங்காளர் நீதி. மனிசன் லான்ட்மாஸ்ரர் உழவு மெஷினில் பீப்பா ஏற்றி, எங்கெங்கோ போய்த் தண்ணீர் கொண்டுவந்தார். வெங்காயத் தாள் நுனி கருகியது. அவர் மனைவி சந்தைக்குப் போனால் நின்று கதைத்தவர்கள் வாயை மூடினார்கள். அண்ணை பொலிஸ் நிலையத்துக்கும் வீட்டுக்குமாக நடந்தார். “வந்ததே?” “இன்னும் இல்லை.”

வந்தது. பொலிஸ்காரத் தம்பி கிணற்றடியிலேயே வாசித்தார். முத்திரை குத்திய போத்தலில் நல்ல தண்ணீர். சோடாப் போத்தலில் பூச்சிமருந்து எதுவும் இல்லை. இருந்தது மண்ணெண்ணெய்.

எல்லாக் கண்களும் மண்ணெண்ணெயில் ஓடும் மாமியின் பம்புக்குப் போயின. எண்ணெய்த் தாங்கியின் அடியில், ஒழுக்கை அடைக்கச் சவர்க்காரம் அப்பிய அடையாளம். பம்பு முன்னர் நின்ற கிணற்றுக்கட்டில் ஒரு கருங்கறை, உட்சுவர் வழியே கீழே இறங்கியிருந்தது. அதைப் பார்க்க ஆய்வுகூடம் தேவையில்லைத்தான். ஆனால் அறிக்கை வரும்வரை நாங்கள் யாரும் அந்தப் பக்கம் பார்க்கவில்லையே.

அப்போதுதான் மாமி அந்தக் கேள்வியைக் கேட்டார்.

அண்ணை அறிக்கையைப் பார்க்கவில்லை. மாமியின் முகத்தையும் பார்க்கவில்லை. “அக்கா, என்ரை முறை...” என்று மட்டும் சொல்லி, தன் வெங்காயப் பக்கம் திரும்பி நின்றார்.

“எல்லாரும் இதுக்கை நிண்டு ஆவெண்டு என்ன விடுப்புப் பாக்கிறியள்?” என்று எங்களை முறைத்தார் மாமி. பிறகு சேலையைச் சொருகிக்கொண்டு மண்வெட்டியோடு இறங்கி, தன் பாத்திக்குப் போய்க்கொண்டிருந்த வாய்க்காலை மண் போட்டு மறித்து, அண்ணையின் பக்கம் வெட்டிவிட்டார்.