மாறுவதற்கு ஐம்பது நிமிடம்

விமான டிக்கெட் எடுத்துத் தரும் அந்த அலுவலகத்தில் அவரை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. 'மூணு மணி' என்றால் தெருவுக்கே தெரியும். நடுவில் விமானம் மாறுவதற்கு மூன்று மணி நேரமாவது இல்லாத டிக்கெட்டை இருபத்தாறு வருஷத்தில் அவர் யாருக்கும் போட்டதில்லை. "தூரத்த விடுங்க. பதினோராயிரம் கிலோமீட்டர், வானத்துல பதிமூணு மணி நேரம்தான். உங்க வீட்டுக் கதவ பூட்டுறதுலேர்ந்து அந்த வீட்டுக் கதவ தட்டுற வரைக்கும் எவ்வளவுன்னு கேளுங்க" என்று பிடித்துக்கொள்வார். வந்தவர், ஆளை விட்டால் போதும் என்று தலையாட்டிவிட்டுப் போவார்.

அதே பதினோராயிரம் கிலோமீட்டருக்கு அப்பால் அவருடைய மகளுக்கு இரண்டு வாரம் முன்னதாகவே வலி கண்டுவிட்டது. மருமகன் கப்பல் வேலையில் நடுக்கடலில் இருந்தார். சொந்தமென்று பக்கத்தில் ஒரு ஈ காக்கை இல்லை. "அம்மாவ உடனே அனுப்புங்கப்பா, பயமா இருக்கு" என்று அவள் போனில் அழுதாள்.

அடித்துப் பிடித்துத் தேடியதில் மறுநாள் காலையில் கிளம்ப இரண்டு வழி கிடைத்தது. ஒன்று பத்தொன்பது மணி நேரம்; நடுவில் மாறுவதற்கு ஐம்பதே நிமிடம், தவறவிட்டால் மறுநாள்தான். இன்னொன்று வேறு ஊர் வழியாகச் சுற்றிக்கொண்டு இருபத்து நான்கு மணி நேரம். மாறுவதற்குத் தாராளமாக நாலு மணி நேரம்.

"அம்பது நிமிஷம் போதும். ஓடிர மாட்டேனா?" என்றாள் மனைவி, பெட்டி ஜிப்போடு மல்லுக்கட்டிக்கொண்டே.

"இந்த முட்டிவலியோடயா? விமானமே இப்பத்தான் முதல் தடவையா ஏறப் போற."

"அய்யோ, அங்க புள்ள தனியா கெடக்கு! உங்க மூணு மணி நேரத்த கொண்டுபோய்க் குப்பையில போடுங்க."

அவர் மசியவில்லை. இருபத்து நான்கு மணி நேரத்தையே போட்டார்.

மறுநாள் அலுவலகத் திரையில் அவள் ஏறாத விமானத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அது தாமதமாகட்டும் என்று வேண்டாத தெய்வமில்லை. பாழாய்ப்போனது மாற வேண்டிய ஊரில் பத்து நிமிடம் முன்னதாகவே இறங்கித் தொலைத்தது. அடுத்த விமானமும் பக்கத்து வாயிலிலிருந்தே கிளம்பியது.

அதற்கு அடுத்த நாள் மத்தியானம் மனைவி கூப்பிட்டாள். "பேத்தி பொறந்திருக்கா. ரெண்டு பேரும் நல்லா இருக்காங்க. நான் வந்து சேர்றதுக்கு மூணு மணி நேரம் முன்னாடியே ஆயிருச்சு. கையப் பிடிச்சுக்க ஒரு ஆள் இல்லாம பெத்திருக்கா." குரல் உடைந்தது. பிறகு கேட்டாள்: "என்னங்க, அந்த அம்பது நிமிஷ வழியில போயிருந்தா அடுத்த விமானத்தப் பிடிச்சிருப்பேனா?"

அந்த விமானம் தாமதம் என்று ஒரு வார்த்தை சொன்னால் தீர்ந்தது. நாக்கு நுனிவரைக்கும் வந்துவிட்டது. இவளிடம் எப்படிப் பொய் சொல்வது?

"நடந்தே போய்ப் பிடிச்சிருப்ப" என்றார். "நான்தான் கெடுத்தேன்."

அந்தப் பக்கம் குழந்தை சிணுங்கியது. மனைவி குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"பொண்ணும் முன்னாடியே வந்திருக்க முடியாதான்னுதான் கேட்டா. வேற விமானமே கெடைக்கலன்னு சொல்லிட்டேன். நீங்களும் அப்படியே சொல்லுங்க. இருங்க, அவகிட்ட குடுக்குறேன்."