லாரி ஓடாத காலை

அரியலூரில் எங்கள் பள்ளி ஜன்னலை மூடினால் புழுக்கம், திறந்தால் தூசி. வாசலை ஒட்டித்தான் சுண்ணாம்புக்கல் லாரிகள் போகும். எட்டாம் வகுப்புப் பெண் ஒருத்தி அதற்கு ஒரு வழி கண்டுபிடித்தாள். ஜன்னலில் சொட்டுச் சொட்டாக விழும் தண்ணீரில் நனையும் வெள்ளைத் துணி, அதன் வழியே காற்றை உள்ளே இழுக்கும் பழைய ஃபேன். அரை மணி ஓடினால் துணி பழுப்பேறிவிடும்.

மாணவர் கண்டுபிடிப்புக் கண்காட்சியை நடத்தும் பொறுப்பு அறிவியல் டீச்சரான என் தலையில். மற்றவை எல்லாம் கடையில் வாங்கி ஒட்டிய எரிமலைகள், பார்த்தாலே எனக்கு எரிச்சல் வரும். இவளுடையது ஒன்றுதான் உண்மையான கண்டுபிடிப்பு. நடுவர்கள் தேர்ந்தெடுத்தால் சென்னைக்குப் போகலாம். ஸ்டேஷன் பக்கத்திலேயே வீடு இருந்தும் ஒரு தடவைகூட ரயில் ஏறாதவள், துணிமணியைப் பையில் எடுத்து வைத்துவிட்டதாக என்னிடம் ரகசியமாகச் சொன்னாள்.

பெரியவர்கள் வருகிறார்கள் என்றால் நமக்குக் கை சும்மா இருக்குமா? முந்தின நாள் குவாரி ஆபீசுக்கே போய், "நாளைக்குக் காலையில மட்டும் வண்டிய வேற ரோட்டுல விடுங்க சார்" என்று கெஞ்சிவிட்டு வந்தேன். நல்ல மனுஷர், ரோட்டுக்குத் தண்ணீரும் அடித்துக் கொடுத்தார்.

பத்தரைக்கு நடுவர்கள் வந்தார்கள். ஃபேன் ஓடியது, துணி வெள்ளையாகவே இருந்தது. லாரி இல்லாமல் தூசி எங்கிருந்து வரும் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. குவாரி ஆபீசுக்குப் போன் போட்டேன், யாரும் எடுக்கவில்லை.

"இது தூசியப் புடிக்கும்னு எப்படிம்மா நம்புறது?" என்றார் நடுவர்.

"தினம் புடிக்குங்க சார்" என்றாள் அவள்.

எனக்குப் புத்தி கெட்டுவிட்டது. வெளியே ஓடி, ஜன்னலோரச் சுவரில் கரும்பலகை டஸ்டரைப் படபடவென்று அடித்தேன். வெள்ளைத் துணியில் சாக்பீஸ் தூள் என்ன தெரியும்? நடுவர் எட்டிப் பார்த்தார்.

"என்ன டீச்சர், நீங்களே தூசி போட்டுத்தான் காட்டணுமா?"

பேனாவை மூடிக்கொண்டு அடுத்த மேசைக்குப் போய்விட்டார். பின்னாலேயே ஓடிக் காரணத்தைச் சொன்னேன். "பரவால்ல, விடுங்க" என்று சிரித்தார். அந்தச் சிரிப்பை என்னால் இன்றும் பொறுக்க முடியவில்லை. எரிமலை ஒன்று தேர்வானது.

மத்தியானம் லாரிகள் வர ஆரம்பித்தன. ஃபேனை நிறுத்த யாருக்கும் தோன்றவில்லை. நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்த என்னிடம் அவள் துணியைக் கழற்றிக் கொண்டுவந்தாள். நன்றாகப் பழுப்பேறியிருந்தது.

"இப்ப புடிக்குது மிஸ்" என்றாள். "நீங்கதான் லாரிய நிறுத்தச் சொன்னீங்களாமே?"

ஆமாம் என்றேன். அவள் கோபப்பட்டிருந்தால் எனக்குச் சௌகரியமாக இருந்திருக்கும். துணியை மடித்து என் கையில் வைத்தாள்.

"பையில இருக்கறதெல்லாம் எடுத்து வெளிய வெக்கணும் மிஸ். போயிட்டு வரேன்."