மடிப்புக் கலையாத கைசர் ஜஹான்

டீக்கடைக் கண்ணாடி அலமாரியில், வர்க்கிக்கும் பன்னுக்கும் நடுவே தெரிகிற தன் முகத்தைப் பார்த்துத் தொப்பியை இடது பக்கம் ஒரு நூல் அளவு நகர்த்துகிறார் கைசர் ஜஹான். அடுத்தது சட்டைக் கை. தோளிலிருந்து முழங்கை வரை ஓடும் மடிப்பை இரண்டு விரலால் நீவிவிடுகிறார். காலை ஆறரை மணிக்குத் திருத்தணி பஸ் நிலையத்தில் இவ்வளவு விறைப்பான காக்கிச் சட்டை வேறு யாரிடமும் இருக்காது.

அந்த விறைப்பே வம்பை இழுத்துக்கொண்டு வரும். காவடியோடு இறங்குகிற குடும்பம் கூட்டத்தில் வேறு யாரையும் கேட்காமல் நேராக அவரிடம் வந்து நிற்கும்.

"போலீசம்மா, மலைக்கு பஸ் எங்க நிக்குது?"

"தோ, அந்த புளியமரத்தாண்ட நில்லுங்க. ஆனா நான் போலீஸ் இல்லீங்க. பாரஸ்ட்டு."

வழி சொல்ல அரை நிமிடம். வனக்காப்பாளர் என்றால் யார், என்ன செய்வார் என்று சொல்ல ஐந்து நிமிடம். சொல்லி முடித்தும் ஆளை விடமாட்டார். "இப்ப சொல்லுங்க, நான் யாரு?" என்று கேட்டு, "பாரஸ்ட்டு மேடம்" என்று பதில் வாங்கிய பிறகுதான் வழி விடுவார். அதற்குள் மலைக்குப் போகிற பஸ் கிளம்பியிருக்கும். முருகன் எங்கே ஓடிப்போகப் போகிறார், அடுத்த பஸ்ஸில் போய்க்கொள்ளலாம் என்பது அவர் கட்சி.

வயது நாற்பத்தொன்று. கணவர் இலியாஸ் அரக்கோணம் சாலையில் டூவீலர் பட்டறை வைத்திருக்கிறார். பதினான்கு வருடமாக இவர் காவல் காக்கிற காடு, ஊரிலிருந்து ஆந்திர எல்லைப் பக்கம் குட்டி குட்டியாகப் படுத்துக் கிடக்கிற குன்றுகள். காலண்டர் படத்தில் வருகிற காடு அல்ல. யானை கிடையாது, அருவி கிடையாது. முள்ளும் பாறையும் மஞ்சம்புல்லும், ஏகப்பட்ட மயிலும், கண்ணில் படாத கொஞ்சம் மானும். "அதெல்லாம் ஒரு காடாம்மா?" என்று யாராவது கேட்டுவிட்டால் தொலைந்தார்கள். "உங்க ஊட்டு போர்ல தண்ணி வருதுல்ல? அது எங்கேர்ந்து வருதுன்னு நெனச்சிகினு இருக்கீங்க?" என்று ஆரம்பித்தால் முடிப்பதற்குள் டீ ஆறிவிடும்.

காட்டிலாகாக்காரர்களை ஊர் மூன்று விதமாகத்தான் அறிந்து வைத்திருக்கிறது. விறகைப் பிடுங்குகிறவர்கள், செம்மரக் கட்டை பிடிக்கிறவர்கள், பாம்பு பிடிக்கிறவர்கள். மூன்றாவதில் மட்டும் கைசர் ஜஹானுக்கு வருத்தமில்லை. சாரைப்பாம்பை வாலைப் பிடித்துத் தூக்கிச் சாக்கில் போடுவார். வீட்டுச் சுவரில் பல்லியைக் கண்டால் மட்டும் கட்டில் மேல் ஏறி நின்று இலியாஸைக் கூப்பிடுவார்.

ஊரின் எண்ணத்தை மாற்றுவது தன் பொறுப்பு என்று எந்த மேலதிகாரியும் அவருக்குச் சொல்லவில்லை. அவராக எடுத்துத் தலையில் போட்டுக்கொண்டது. தினமும் காலை ஏழு மணிக்கு வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் ஒரு படம் ஏறும். ஒரு நாள் நட்சத்திர ஆமை, ஒரு நாள் நாற்றுக்குத் தண்ணீர் ஊற்றும் ஆட்கள், ஒரு நாள் முள் குத்திய தன் கட்டைவிரல். "எம் பொண்டாட்டி மூஞ்சிய நான் போன்லதான் பாக்கறேன்" என்று பட்டறையில் வருகிறவர் போகிறவரிடமெல்லாம் இலியாஸ் சொல்வார். ஆனால் ஒரு படத்தையும் அவர் பார்க்காமல் விட்டதில்லை.

இவ்வளவுக்கும் மேலே கைசர் ஜஹானின் பெரிய நம்பிக்கை சட்டையில் இருந்தது. அவரிடம் ஐந்து காவலர்கள் வேலை செய்கிறார்கள், எல்லோரும் தற்காலிகம். இரண்டு வருடத்துக்கு முன் அவர்களைக் கூட்டிக்கொண்டு கடைவீதிக்குப் போய், பளபளவென்ற ஒரு காக்கித் துணியைத் தானே பொறுக்கி எடுத்தார். கசங்காது, சாயம் போகாது, அலசிப் போட்டால் அரை மணியில் காய்ந்துவிடும். தனக்கும் அதையே எடுத்துத் தைத்துக்கொண்டார். "கசங்கின சட்டையோட போயி நின்னா எவன் மதிப்பான்? மடிப்பு கலையாம இருங்கடா, மிச்சத்த நான் பாத்துக்கறேன்" என்பது பையன்களுக்கு அவர் செய்யும் உபதேசம்.

மடிப்பு நின்றது, ஆட்கள் நிற்கவில்லை. ஒருவன் ஒரகடத்துப் பக்கம் கம்பெனிக்குப் போய்விட்டான். ஒருவன் விசைத்தறிக்குப் போனான். போகிறவன் ஒவ்வொருவனும் சொன்ன காரணம் ஒன்றுதான்: "பொண்ணு குடுக்க மாட்டேன்றாங்க மேடம்." புதிதாக வருகிறவனுக்கு முதலிலிருந்து எல்லாம் சொல்லித்தர வேண்டும். இந்த மாசியில், நெருப்புக் காலம் தொடங்குகிற நேரம் பார்த்துக் கதிரவனின் முறை வந்தது.

கதிரவனை இழப்பதென்றால் கைசர் ஜஹானுக்கு வலது கை போன மாதிரி. இருபத்தாறு வயது, ஒல்லி உடம்பு, அபார மூக்கு. புகை கண்ணுக்குத் தெரியுமுன்பே எந்தச் சரிவில் புல் எரிகிறது என்று சொல்லிவிடுவான். பொதட்டூர்பேட்டையில் யுவஸ்ரீ என்ற பெண்ணோடு ஜாதகம் பொருந்தியிருந்தது. பெண்ணுக்கும் அவனைப் பிடித்திருந்தது. பிடிக்காதது பெண்ணின் அப்பா ஜம்புலிங்கத்துக்குத்தான். வீட்டிலேயே இரண்டு தறி போட்டு லுங்கி ஓட்டுகிறவர். "காட்ல சுத்திகினு இருக்கறவனுக்கு எப்படிங்க பொண்ண குடுக்கறது? அத்த வுட்டுட்டு வரட்டும், என் தறியில ஒண்ண ஓட்டட்டும்" என்று சொல்லி அனுப்பிவிட்டார். கதிரவனுக்கு யுவஸ்ரீயும் வேண்டும், காடும் வேண்டும். இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை.

இதைக் கேட்ட கைசர் ஜஹான் அன்றைக்கே பொதட்டூர்பேட்டை பஸ் ஏறினார். தறிச் சத்தத்துக்கு மேலே தொண்டை கிழியப் பேசினார். "ஒரே ஒரு வாட்டி அவன் வேல செய்ற எடத்த வந்து பாருங்கண்ணா. அப்பவும் வாணாம்னா, நானே அவன அனுப்பி வெச்சிர்றேன்." ஜம்புலிங்கம் தறியை நிறுத்தாமலே, "அமாவாசைக்கு தறி லீவு. அன்னிக்கி வர்றேன்" என்றார்.

அமாவாசைக்கு முந்தின நாள் ஆறு சட்டைகளும் இஸ்திரிக்குப் போயின. கைசர் ஜஹான் தன் முக்காட்டுத் துணியையும் காக்கிக்குப் பொருத்தமாகப் புதிதாக வாங்கினார், அதுவும் கசங்காத ரகம். பெண் வீட்டார் பார்க்க வருவது கதிரவனை மட்டுமல்ல, மொத்தக் காட்டிலாகாவையும்தான் என்று அவருக்குத் தோன்றிவிட்டது.

காலை ஒன்பது மணிக்கு டவுன் பஸ்ஸிலிருந்து மூன்று பேர் இறங்கினார்கள். ஜம்புலிங்கம், அவர் மனைவி மணியம்மை, யுவஸ்ரீ. காட்டின் எல்லைக்கல்லருகே கைசர் ஜஹான் வணக்கம் சொல்லிவிட்டுக் கையை நீட்டினார்.

"நெருப்புப் பெட்டி இருந்தா குடுங்கண்ணா. உள்ள எட்த்துகினு போவக் கூடாது."

"நான் இன்னா காட்ட கொளுத்தவா வந்துகிறேன்?"

"எங்க ஆபீசரு வந்தாலும் கேப்பேன்."

ஜம்புலிங்கம் பீடிக் கட்டையும் நெருப்புப் பெட்டியையும் முறைத்துக்கொண்டே கொடுத்தார். ஆரம்பமே சரியில்லை.

தீத்தடுப்புக் கோட்டைத்தான் முதலில் காட்டினார்கள். புல்லையும் சருகையும் பெருக்கி எடுத்து, குன்றின் மேலே தலைவகிடு போல ஏறிப்போகிற வெற்றுத் தரை. ஒரு பக்கம் பற்றினால் மறுபக்கம் தாண்டக்கூடாது என்பதற்காக. கதிரவன் பெருமையாக விளக்கினான். ஜம்புலிங்கம் கேட்டுவிட்டு, "மொத்தத்துல பெருக்கறதுதான் வேல" என்றார். மான்கள் தண்ணீர் குடிக்கிற தொட்டிக்குக் கூட்டிப்போனார்கள். மான் வரவில்லை. மணியம்மை ஒரு மயிலைப் பார்த்துச் சந்தோஷப்பட்டார். யுவஸ்ரீ எல்லாவற்றையும் போனில் படம் எடுத்தாள், கதிரவனை மட்டும் கொஞ்சம் அதிகமாகவே எடுத்தாள்.

அப்போது கதிரவன் நின்றான். மூக்கைத் தூக்கினான். "மேடம், கெழக்குச் சரிவு" என்று சொல்லிவிட்டு, பெண் வீட்டார் நிற்பதையும் மறந்து ஓடினான். மற்ற நான்கு காவலர்களும் பின்னால் ஓடினார்கள்.

கைசர் ஜஹான் ஒரு கணம் தவித்துப் போனார். பிறகு, "அந்த பாறைய வுட்டு நகராதீங்க, தோ வந்துட்றேன்" என்று விருந்தாளிகளிடம் சொல்லிவிட்டு அவரும் ஓடினார்.

யாரோ போட்டுவிட்டுப் போன பீடித் துண்டு. ஒரு தறிக்கொட்டகை அளவு புல் பற்றியிருந்தது. பச்சைக் கிளைகளை ஒடித்து ஆறு பேரும் அடித்தார்கள். காற்று மாறுவதற்குள் அணைத்துவிட்டார்கள், அரை மணி நேரம் பிடித்தது. திரும்பி நடக்கும்போதுதான் கைசர் ஜஹான் தன்னைப் பார்த்துக்கொண்டார். தொப்பியில் சாம்பல். முகமெல்லாம் கரி. சட்டையில் மடிப்பு எங்கே இருந்தது என்று தேட வேண்டியிருந்தது. பதினான்கு வருடத்தில் எந்த நாளில் கசங்கக் கூடாதோ அந்த நாளில் கசங்கியிருந்தார். போச்சு, எல்லாம் போச்சு என்று அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

பாறையருகே ஜம்புலிங்கம் எழுந்து நின்றிருந்தார். அவர் யாருடைய முகத்தையும் பார்க்கவில்லை. கதிரவனின் சட்டைக் கையைப் பிடித்து இழுத்தார். பொறி பட்ட இடத்தில் நாலைந்து சின்ன ஓட்டைகள். ஓட்டையின் விளிம்பைக் கட்டைவிரலால் தடவினார். முகர்ந்தார். முகம் மாறியது.

"இது இன்னா துணி?"

"காக்கி, மாமா" என்றான் கதிரவன். மாமா என்று சொல்லிவிட்டதற்காக நாக்கைக் கடித்துக்கொண்டான்.

"நெறத்த கேக்கல. நூலு இன்னா நூலு? யம்மா, அந்த நெருப்புப் பெட்டிய குடு."

"இங்க கூடாதுண்ணா."

"ஒரே ஒரு குச்சிம்மா."

"அரக் குச்சி கூட கூடாது. ரோட்டாண்ட வாங்க, தர்றேன்."

கதிரவனின் சட்டைக் கையை விடாமல் பிடித்துக்கொண்டே ஜம்புலிங்கம் குன்றிறங்கினார். எல்லைக்கல்லைத் தாண்டித் தார்ச்சாலைக்கு வந்ததும் கைசர் ஜஹான் நெருப்புப் பெட்டியைக் கொடுத்தார். ஜம்புலிங்கம் சட்டையின் ஓரத்தைப் பிரித்து ஒரு நூலை உருவினார். தன் பருத்தி வேட்டியிலிருந்து ஒன்றை உருவினார். குச்சியைக் கிழித்து முதலில் வேட்டி நூலில் வைத்தார். அது எரிந்து சாம்பலாக உதிர்ந்தது. சட்டை நூல் சுருண்டு, உருகி, கருப்பு மணியாக விரல் நுனியில் ஒட்டப் பார்த்தது. உதறினார்.

"பாத்தியா? நூலே இல்ல இது, பிளாஸ்டிக்கு. தோலோட ஒட்டிக்கும். எம் பொண்ண கட்டிக்கப் போறவன் இத்த போட்டுகினு நெருப்புல எறங்கறான், கேக்க ஆளில்லியா?"

மணியம்மை கணவரைத் திரும்பிப் பார்த்தார். யுவஸ்ரீ போனைக் கீழே இறக்கினாள். தான் என்ன சொன்னோம் என்பது ஜம்புலிங்கத்துக்கு மட்டும்தான் இன்னும் உறைக்கவில்லை. கோபம் அப்படி.

"எந்த மடையன் இத்த வாங்கச் சொன்னான்?"

பையன்கள் ஐந்து பேரும் வெவ்வேறு திசையில் பார்த்தார்கள். கைசர் ஜஹான் முன்னால் வந்தார். "நான்தாண்ணா" என்றார். "கசங்காதுன்னு சொன்னாங்க. பாக்க மரியாதையா இருக்கும்னு நெனச்சேன்." சொல்லும்போதே இரண்டு வருடத்து நெருப்புகள் ஒவ்வொன்றாக அவருக்கு நினைவுக்கு வந்தன. எத்தனை தடவை அந்தச் சட்டையோடு இந்தப் பிள்ளைகளைச் சரிவில் இறக்கியிருக்கிறார். தன் முக்காட்டின் ஓரத்திலிருந்து ஒரு நூலை உருவி நீட்டினார். ஜம்புலிங்கம் குச்சியைக் கிழித்தார். அதுவும் கருப்பு மணியாகச் சுருண்டது.

அந்த மணியைப் பார்த்ததும் ஜம்புலிங்கத்தின் குரல் இறங்கிவிட்டது. "நீயும் இத்த சுத்திகினுதான் ஓடினியாம்மா?" என்றார். பிறகு குன்றை ஒரு தடவை அண்ணாந்து பார்த்தார். "எத்தினி பேரு நீங்க?"

"என்னோட ஆறு பேருண்ணா."

"பருத்தியில கெட்டியா பாவு போட்டு துணி நெய்யறேன். ரெண்டு வாரம் லுங்கி நின்னா குடி முழுவாது. சாயத்துக்கு நம்ம ஆளு இருக்கறான். மணியம்மா, இவங்களுக்கு அளவு எடு."

மணியம்மை ஊருக்கே ரவிக்கை தைக்கிறவர். பையில் டேப் இல்லை. அதனாலென்ன, ஜாண் இருக்கிறதே. மாப்பிள்ளையில் ஆரம்பித்தார். கதிரவன் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றான். யுவஸ்ரீ அளவுகளை போனில் குறித்துக்கொண்டாள், தோளகலத்தை மட்டும் இரண்டு தடவை சொல்லச் சொன்னாள். மற்ற நால்வரும் வரிசையில் வந்து போனார்கள். திருப்பதி பஸ் ஒன்று வேகம் குறைத்து, சாலையோரத்தில் நடக்கிற இந்தத் தையல் கடையை வேடிக்கை பார்த்துவிட்டுப் போயிற்று.

"நீ வா கண்ணு" என்றார் மணியம்மை.

"எனக்கு எதுக்குக்கா?"

"வான்றேன். புடிச்சாப்பல தைக்கணுமா, எப்டி?"

கைசர் ஜஹான் தன் சட்டையைக் குனிந்து பார்த்தார்.

"தொளதொளன்னு இருக்கட்டும்க்கா. ஓடணும்ல."

கரி படிந்த தொப்பியைக் கழற்றி யுவஸ்ரீயின் கையில் கொடுத்துவிட்டு, சாலையோரத்தில் இரண்டு கைகளையும் அகல விரித்துக்கொண்டு அசையாமல் நின்றார்.